காலையில் ஊர், மதியம் சென்னை: தாம்பரத்தின் கிறிஸ்துமஸ் சாப்பாடு

டிசம்பர் 25 அன்று கிழக்குத் தாம்பரத்திலோ சேலையூரிலோ பல்லாவரத்திலோ கிறிஸ்தவ வீடுகள் பத்தில் ஏறி "மதியம் என்ன சமையல்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் பிரியாணி. "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் பதில்கள் பல திசைக்குப் பிரிந்துவிடும். ஒரு வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அடுத்த வீட்டில் ஆப்பமும் வறுத்தரைத்த கோழிக்கறியும். மாடியில் குடியிருக்கும் மலையாளக் குடும்பத்தில் ஆப்பமும் ஸ்டூவும். பரங்கிமலைப் பக்கம் போனால் கேக், அவித்த முட்டை, முந்தைய வாரமே ஊறப்போட்ட உப்புக்கறி. இந்தப் புறநகர்களில் கிறிஸ்துமஸுக்கு மரபாகச் சாப்பிடுவது என்ன என்ற கேள்விக்கு ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிவிட முடியாது. எந்த வேளைச் சாப்பாடு, எந்த ஊர்க் குடும்பம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

உலகின் பல இடங்களில் அப்படி இல்லை. போலந்தில் 24-ஆம் தேதி இரவு இறைச்சி இல்லாத 12 வகைப் பதார்த்தங்கள் என்பது ஏறக்குறைய சட்டம் போன்றது. இத்தாலியத் தெற்குப் பகுதிகளில் அன்றிரவு மீன்தான். ஜப்பானில் 1974-இல் ஒரு அமெரிக்கக் கோழிக்கடை செய்த விளம்பரத்தால், பொரித்த கோழி கிறிஸ்துமஸ் உணவாகவே ஆகிவிட்டது. இங்கிலாந்தின் வான்கோழியும்கூட எல்லா வீட்டுக்கும் பொதுவானது பிந்திய காலத்தில்தான். 1843-இல் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையில் வரும் ஏழைக் குடும்பம் மேசையில் வைத்துக் கொண்டாடுவது வாத்து. மரபு என்று நாம் நம்புவதில் பாதி, இரண்டு மூன்று தலைமுறைக்குள் நிலைபெற்றதுதான். தாம்பரத்துப் பிரியாணியும் அந்தக் கணக்கில் வரும்.

தாம்பரத்தில் இத்தனை ஊர்க் குடும்பங்கள் வந்து சேர்ந்ததற்கு ரயில் ஒரு பெரிய காரணம். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1837-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நகர நெரிசலை விட்டு 1937-இல் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. காசநோய் சானடோரியம், விமானப் படைத் தளம், ரயில்வே பணிமனை, 1984-இல் வந்த ஏற்றுமதி மண்டலம் என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. ஆசிரியர்கள், செவிலியர்கள், ரயில்வே ஊழியர்கள் எனத் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கேயே மனை வாங்கினார்கள். தெற்கிலிருந்து வரும் ரயில்கள் நகருக்குள் நுழையும் முன் நிற்கும் இடம் தாம்பரம். ஊரிலிருந்து கருப்பட்டியும் தேங்காயும் மூட்டையாக வந்து இறங்கவும் அதுவே வசதி.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாமன்றம் கூடியது. ஜான் மாட் தலைமை. சுமார் எழுபது நாடுகளின் பிரதிநிதிகள் சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால் போன்ற மாணவர் விடுதிகளில் தங்கினார்கள். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுதுலி அவர்களில் ஒருவர். அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் மாநாட்டுக்கு நடுவிலேயே வந்தது. ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகள் தங்கள் மண்ணின் பண்பாட்டோடும் மற்றச் சமயங்களோடும் எப்படி உறவு கொள்வது என்பது அங்கே சூடாக விவாதிக்கப்பட்ட கேள்வி. இறையியலாளர்கள் இன்னும் முடிக்காத அந்த விவாதத்துக்கு, சுற்றியுள்ள வீடுகளின் சமையலறைகள் தம் வழியில் பதில் சொல்லிக்கொண்டு வந்திருக்கின்றன.

இட்லியிலிருந்தே தொடங்கலாம். நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் காலைக்கு இட்லியும் கறிக்குழம்பும்தான் அடையாளம். இன்றைய பிள்ளைகளுக்கு இது வியப்பாக இருக்கலாம். வாரத்தில் நான்கு நாள் சாப்பிடும் இட்லியில் பண்டிகை எங்கே இருக்கிறது? அவர்களுடைய பாட்டிமார் வளர்ந்த தேரிக்காட்டு ஊர்களில் அன்றாடச் சாப்பாடு கம்பங்கூழும் சோளச் சோறும்தான். நெல்லரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு ஆட்டி, புளிக்கவைத்து, பஞ்சு போல் இட்லி அவிப்பது ஆண்டில் எண்ணிச் சொல்லக்கூடிய நாட்களில் நடந்த காரியம். ஆட்டுக்கறியும் அப்படித்தான். அரிதான இரண்டும் ஒரே தட்டில் சேரும் காலை அது. ஆட்டுரல் போய் கிரைண்டர் வந்தது, ரேஷன் அரிசி வந்தது, இட்லி தினசரிப் பலகாரமாகிவிட்டது. ஆனாலும் விடியற்கால ஆராதனை முடிந்து புது உடையோடு வீடு திரும்பியதும் அந்தக் குழம்பின் மணம் வரவில்லையென்றால் கிறிஸ்துமஸ் வந்ததாகவே அந்தக் குடும்பங்களுக்குத் தோன்றாது. சின்ன வெங்காயம், சோம்பு, பச்சைத் தேங்காய் அரைத்துவிட்ட நெல்லைக் குழம்பு அது; நீர்க்க இருக்கும், இட்லியை மூழ்கடிக்க வேண்டும்.

கன்னியாகுமரிக்காரர் வீட்டில் தேங்காய் பச்சையாகச் சேராது. துருவிய தேங்காயை மல்லி, மிளகு, மிளகாயோடு செந்நிறம் வரும்வரை வறுத்து, எண்ணெய் பிரிய அரைத்த மசாலாவில் கோழியோ ஆடோ மாட்டுக்கறியோ வேகும். அதற்குத் துணை ஆப்பம். ஒரே தெருவில் இருந்து, ஒரே சி.எஸ்.ஐ. கோவிலுக்குப் போகும் இரண்டு குடும்பங்கள் குழம்பை வைத்தே தங்கள் ஊரைச் சொல்லிவிடும். கோவில்பட்டிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே உள்ள தூரம் தேங்காயை வறுப்பதா வேண்டாமா என்பதில் தெரிகிறது.

கேரளத்திலிருந்து வந்த சிரியன் கத்தோலிக்கர்களின் காலைக்குப் பின்னால் ஒரு நோன்பு இருக்கிறது. டிசம்பர் 1-இல் தொடங்கி 24 வரை இறைச்சி தொடாமல் இருப்பவர்கள், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்துதான் நோன்பை முறிப்பார்கள். தேங்காய்ப்பாலில் மிளகும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வெந்த வெள்ளை ஸ்டூவுக்கு அதனால்தான் அத்தனை சுவை. ஆப்ப மாவுக்கு ஊரில் கள் ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், இங்கே ஈஸ்ட்டும் ஒரு கரண்டி சர்க்கரையும் அந்த வேலையைச் செய்கின்றன.

கத்தோலிக்கர்கள் எல்லோருக்குமே நேரக் கணக்கு ஒன்று இருந்தது. நற்கருணை வாங்குவோர் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது என்ற பழைய விதி 1953-இல் தளர்ந்தது. 1957-இல் மூன்று மணி நேரம், 1964-இல் ஒரு மணி நேரம் என்று சுருங்கியது. இன்று நள்ளிரவுப் பூசைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே போகலாம். பூசை முடிந்து அதிகாலை இரண்டு மணிக்குக் கேக்கும் காப்பியும் சாப்பிடும் வழக்கம் மட்டும் விதி போன பிறகும் நிற்கிறது. சீர்திருத்த சபையினர் விடியற்காலை ஆராதனைக்குப் போவதால் அவர்களுக்குக் காலைச் சாப்பாடுதான் முதல் விருந்து. பெந்தெகொஸ்தே சபைகளில் சில கிறிஸ்துமஸைத் தனிப் பண்டிகையாக வைப்பதே இல்லை. அந்த வீடுகளில் அன்று சாதாரணச் சமையல் நடக்கும்.

பரங்கிமலை வேறு கதை. மலைமேல் கோவிலைப் போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டினார்கள். மலையடிவாரமும் பல்லாவரமும் ஆங்கிலேயப் படைக்குக் கன்டோன்மென்ட் ஆயின. ஓய்வுபெற்ற படையினர் தங்கிய வெட்டரன் லைன்ஸ் என்ற தெருவின் பெயர் பல்லாவரத்தில் இன்றும் இருக்கிறது. இந்தப் பகுதிகளின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் மதியம் என்றால் தேங்காய்ப்பாலில் வெந்த மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, வெங்காயமும் மிளகாயும் காடியும் சேர்ந்து சிவந்த 'டெவில் சட்னி'. சில வீடுகளில் பன்றிக்கறி விண்டாலு. போர்த்துக்கல்லில் ஒயினும் பூண்டும் ஊற்றி ஊறவைத்த இறைச்சி, கோவாவில் காடிக்கும் மிளகாய்க்கும் மாறி, படைகளோடும் ரயில்களோடும் இங்கே வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்த சமூகம் இது. இங்கே தங்கியிருப்போர் குறைவு என்பதால், இந்தச் சமையலை அறிந்த கைகளும் குறைந்துவருகின்றன. பிரிட்ஜெட் வைட்-குமார் போன்றவர்கள் சமையல் நூல்களாக எழுதிவைத்தது பெரிய உபகாரம். தமிழ்க் கிறிஸ்தவச் சமையலுக்கு அப்படி ஊர்வாரியாக எழுதுவோர் போதிய அளவில் இன்னும் வரவில்லை.

வான்கோழியைத் தேடுவோரும் உண்டு. சென்னை நந்தனத்தில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி' என்ற ரகமே இருக்கிறது. ஆனால் முழுப் பறவையை வாட்ட நம் வீடுகளில் அடுப்பு இல்லை. வாங்கினாலும் துண்டு போட்டு வறுவலாகவோ பிரியாணியாகவோதான் முடிகிறது.

இனி மதியத்துக்கு வரலாம். தாத்தா காலத்தில் நெல்லைக் குடும்பங்களின் மதியம் வெள்ளைச் சோறு, கறிக்குழம்பு, வறுவல், ரசம், பாயசம். பிரியாணி இங்கே பரவியது நகர வாழ்க்கையால்தான். மவுண்ட் ரோட்டில் 1951-இல் திறந்த புகாரி போன்ற ஓட்டல்கள் அதை நகரத்தின் பொதுச் சுவையாக்கின. எண்பதுகளிலிருந்து பல்லடம், நாமக்கல் பக்கத்துப் பிராய்லர் கோழி விலையைக் கீழே கொண்டுவந்தது. அதைவிடப் பெரிய காரணம் பாத்திரம். கிறிஸ்துமஸ் மதியம் விருந்தினர் ஒரே நேரத்தில் வருவதில்லை. கோவிலிலிருந்து சிலர், அலுவலக நண்பர்கள் சிலர், பிள்ளைகளின் தோழர்கள் என்று மூன்று மணிவரை வந்துகொண்டே இருப்பார்கள். நான்கைந்து குழம்பு, கூட்டு சுடவைத்துப் பரிமாறும் சாப்பாடு இதற்குத் தாங்காது. மூடிபோட்ட ஒரு தேக்சாவில் சூடு ஆறாமல் கிடக்கும் தம் பிரியாணி தாங்கும்.

பல குடும்பங்களுக்கு அந்தத் தேக்சாவை ஏற்றுபவர் ஒரு முஸ்லிம் சமையல்காரர். மாடியிலோ வீட்டின் பின்புறமோ செங்கல் அடுப்பு மூட்டி, மூடிமேல் தணல் போட்டு, ஆராதனை முடியும் நேரத்துக்கு இறக்கித் தருகிறார். பாய் பரம்பரையாகச் சமைப்பது பாசுமதியில். தெற்கத்தியக் குடும்பத்தினர் திண்டுக்கல், ஆம்பூர்ப் பழக்கத்தில் சீரக சம்பாவே வேண்டும் என்பார்கள். இந்தப் பேரத்தில் பெரும்பாலும் சீரக சம்பா ஜெயிக்கிறது. ஆனால் பாயின் கத்திரிக்காய்த் தொக்கும் பிரெட் அல்வாவும் பிரியாணியோடு சேர்ந்தே வீட்டுக்குள் வந்துவிட்டன. பாயசம் இருந்த இடத்தில் இன்று பிரெட் அல்வா இருக்கிறது. பக்ரீத் விருந்தின் இனிப்பு கிறிஸ்துமஸ் இலையில் இடம்பிடித்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தாம்பரம் வட்டாரத்துக் கிறிஸ்துமஸைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்ல செய்திகளில் முதலாவது இதுவே.

டிசம்பர் 25 எப்போதும் மார்கழியில் வருகிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் மண்டல விரதம் 26 அல்லது 27-ஆம் தேதி மண்டல பூஜையோடுதான் நிறைவு பெறும். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் விரதத்தின் கடைசி நாட்களில் இருப்பார்கள். வைகுண்ட ஏகாதசியும் இந்தப் பக்கத்திலேயே வரும். 2020-இல் ஏகாதசி சரியாக டிசம்பர் 25 அன்றே வந்தது; அது வெள்ளிக்கிழமையும் கூட. ஆகவே இங்கே கிறிஸ்தவக் குடும்பத்து அம்மாவுக்குத் தெருவின் விரதக் கணக்கு முழுவதும் தெரிந்திருக்கும். மூன்றாம் வீட்டு அண்ணன் மாலை போட்டிருக்கிறார், அங்கே பலகாரம் மட்டும். எதிர்வீட்டு மாமி சைவம், முட்டை போடாத கேக். மாடிவீட்டுக்குப் பிரியாணி தூக்குவாளியில். முட்டை சேர்ந்த அச்சு முறுக்கு தனி டின்னிலும் சேராதது தனி டின்னிலும் இருக்கும். தீபாவளிக்கு வந்த தட்டுகளுக்கு இது பதில் தட்டு. வாங்கியவர்களும் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ அதில் இருக்கும். எந்த வீட்டிலும் சமைப்பதில் ஒரு பெரும் பங்கு வாசற்படி தாண்டிப் போய்விடுவதால், கிறிஸ்துமஸ் மெனுவை முடிவு செய்வதில் அக்கம்பக்கத்துக்கும் குரல் உண்டு.

அந்தத் தட்டில் போகும் பலகாரம்தான் பண்டிகையின் நீண்ட உழைப்பு. டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே கீதப்பவனிக் குழுக்கள் இரவில் வீடு வீடாக வரத் தொடங்குகின்றன. பாடி முடித்தவர்களுக்குக் காப்பியோடு ஏதாவது கொடுக்க வேண்டும். ஆகவே அதற்குள் டின்கள் நிரம்பியாக வேண்டும். அச்சு முறுக்கு, கல்கல், அதிரசம், முறுக்கு. நாகர்கோவில் குடும்பமென்றால் வறுத்த சிறுபயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டி மாவில் தோய்த்துப் பொரித்த முந்திரிக்கொத்து. தூத்துக்குடிப் பக்கம் போய் வந்தவர்கள் முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கிவருவார்கள். 1799-இல் நெல்லைச் சீமையின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடியேற்றமாக உருவான முதலூர், இன்று தேங்காய்ப்பாலில் கிண்டும் அந்த அல்வாவுக்காகவே பேர்பெற்ற ஊர்.

அச்சு முறுக்கு எளிதாகத் தெரியும், எளிதல்ல. அரிசிமாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை கலந்த மாவு தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். அச்சு முதலில் எண்ணெயிலேயே காய வேண்டும். மாவில் முக்கும்போது அச்சின் மேல்விளிம்பை மாவு தொட்டுவிட்டால் முறுக்கு கழலாது. இதே பூ அச்சு ஸ்கேண்டிநேவிய நாடுகளிலும் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கே பயன்படுகிறது. கல்கல்லுக்குச் சின்ன மாவுருண்டையைப் புதுச் சீப்பின் பல்லில் அழுத்திச் சுருட்ட வேண்டும். கோவாவிலிருந்து பரவிய வேலை. வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் தரையில் சுற்றி உட்கார்ந்து செய்யும் ஒரே பலகாரம் இது. அதிரசத்துக்கு ஈர அரிசியை நிழலில் உலர்த்தி இடித்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பரில், இதில்தான் சிக்கல்.

2015-ஐ மறக்க முடியாது. டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. அரிசி, மாவு, கேஸ் அடுப்பு எல்லாம் தண்ணீரில் போன வீடுகளுக்கு அந்த ஆண்டு பலகாரம் என்பதே இல்லை. மேட்டில் இருந்த வீட்டுக்காரர்கள் செய்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். கோவில்களில் ஆடம்பரம் குறைந்து, பொதுச் சமையல் நடந்தது.

கேக்கைப் பொறுத்தவரை இந்தியாவின் பழங்கதை தலச்சேரியில் தொடங்குகிறது. 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைச் சுவைத்துப் பார்த்து, மாம்பள்ளி பாப்பு அதுபோல ஒன்று செய்தார். சென்னையில் 1885-இல் வேப்பேரி ஸ்மித்ஃபீல்டு, 1903-இல் மெக்ரெனெட் என்று பேக்கரிகள் வந்தன. வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் மாவைக் கலந்து பாத்திரத்தோடு பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கிவந்தார்கள். அல்லது மணல் பரப்பிய சட்டிக்குள் கேக் தட்டை வைத்து மேலும் கீழும் தணல் போட்டார்கள். உலர்பழங்களை ரம்மில் ஊறவைப்பவர்கள் ஒரு பக்கம். திராட்சைச் சாறிலோ ஆரஞ்சுச் சாறிலோ ஊறவைக்கும் மதுவிலக்குக் குடும்பங்கள் மறுபக்கம். கருகும் பதத்தில் இறக்கிய சர்க்கரைப் பாகுதான் இரண்டுக்கும் நிறம் தருகிறது. புதுச்சேரி உறவு இருக்கும் குடும்பங்களில் ரவையும் நெய்யும் முந்திரியும் மிகுந்த விவிக்கம் கேக் வரும். பிளம் கேக் எத்தனை புகழ் பெற்றாலும், ருசியில் விவிக்கத்துக்கு ஈடாகாது என்பதை அதைச் சுவைத்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வளவையும் செய்வது யார்? பெரும்பாலும் பெண்கள். 24-ஆம் தேதி இரவு மாவு ஆட்டி, கறி கழுவி, விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, ஆராதனையின் பாதியில் எழுந்து வீட்டுக்கு ஓடிவரும் அம்மாக்கள் எல்லாச் சபையிலும் உண்டு. சமையல்காரர் பிரியாணியும் கடைப் பலகாரமும் வந்தபின் இந்தச் சுமை குறைந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் குறைப்பதை எங்கிருந்து தொடங்குவது என்பதில் ஒரு கருத்து இருக்கலாம். மதியத்தை வெளியே விட்டாலும் எந்த நஷ்டமும் இல்லை. பிரியாணி நன்றாகச் செய்பவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். காலைக் குழம்பை விட்டுவிட்டால் அதைத் திரும்ப வாங்கக் கடை இல்லை. வறுத்தரைத்த மசாலாவின் பதமும் முந்திரிக்கொத்துப் பாகின் கம்பியும் எழுத்தில் இல்லாமல் கையில்தான் இருக்கின்றன. மகன்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால், அம்மாக்கள் ஆராதனையை முழுதாகக் கேட்கவும் முடியும்.

இப்போது ஊருக்குப் போகிறவர்களும் குறைந்துவருகிறார்கள். முன்பெல்லாம் 23-ஆம் தேதி நெல்லை ரயிலைப் பிடிக்காவிட்டால் பண்டிகையே இல்லை. பெற்றோர் இங்கே வந்து தங்கிய வீடுகளில், பிள்ளைகளின் பள்ளித் தேர்வும் வேலையும் கருதி, கிறிஸ்துமஸ் தாம்பரத்திலேயே நடக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் கூட்டத்தில் பலர் பொங்கலுக்குத்தான் போகிறார்கள். இந்த இரண்டாம் தலைமுறைக்குச் சொந்த ஊர் என்பது 25-ஆம் தேதி காலை ஏழரை மணிக்குத் தட்டில் வரும் குழம்பாகவே மிஞ்சுகிறது.

அன்றிரவுச் சாப்பாடு என்று தனியாக ஒன்று பெரும்பாலான வீடுகளில் கிடையாது. மிஞ்சிய பிரியாணியோ, காலைக் குழம்போடு இரண்டு தோசையோ போதும். மிச்சக் குழம்பைச் சுண்டவைத்து எடுத்துவைப்பார்கள்; 26-ஆம் தேதி காலை பழைய சோற்றோடு அதைச் சாப்பிடுவது தெற்கத்திய வீடுகளில் இரண்டாவது கிறிஸ்துமஸ். அதற்குள் அதிரச டின் பாதி காலியாகியிருக்கும். 31 இரவு வருடப் பிறப்பு ஆராதனை முடிந்து வருபவர்களுக்கும் பலகாரம் வேண்டும், ஒன்றாம் தேதி காலைக்கு மறுபடியும் இட்லியும் கறியும் வேண்டும் என்பதால், எண்ணெய்ச் சட்டி இன்னொரு முறை அடுப்பில் ஏறுகிறது.